தெரபி முடிந்து வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு என்ன வேலை கொடுக்கலாம்?

வாரத்துக்கு 2 நாள், ஒவ்வொரு தடவையும் 45 நிமிடம். பெரும்பாலான பெற்றோரால் ஓ.டி.க்கு, அதாவது ஆக்குபேஷனல் தெரபிக்கு, பிள்ளையைக் கூட்டிவர முடிவது இவ்வளவுதான், அதற்கே பஸ், ஆட்டோ, அரை நாள் லீவு, கட்டணம் என்று அவர்கள் படுகிற பாடு எனக்குத் தெரியும். அந்த 45 நிமிடத்தில் பிள்ளை பாசிமணி கோர்க்கும், களிமண்ணுக்குள் புதைத்த பட்டனைத் தோண்டி எடுக்கும், துணி கிளிப்பை அமுக்கி அட்டையில் மாட்டும். வீட்டுக்குப் போனால் சாப்பிட்ட தட்டை யாரோ எடுத்துவிடுவார்கள், தண்ணீர் பாட்டிலை யாரோ திறந்து கொடுத்துவிடுவார்கள். குழந்தைகளுக்கான தெரபிஸ்ட்டாக இந்த இரண்டையும் பார்த்துப் பார்த்து எனக்கு உறுதியாகிப்போனது ஒன்று உண்டு: அறையில் கற்ற கை வீட்டில் ஒரு வேலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அதுவும் வீட்டில் இன்னொருவர் காத்திருக்கிற வேலையாக இருக்க வேண்டும்.

"அஞ்சு வயசுப் புள்ளைக்கு எதுக்கும்மா தொழில் சிகிச்சை?" என்று ஒரு தாத்தா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆக்குபேஷன் என்றதும் சம்பளத்துக்குப் போகிற வேலை என்றுதான் நமக்குத் தோன்றும். இந்தத் துறையில் அதற்கு அர்த்தம் வேறு. சாப்பிடுவது, குளிப்பது, விளையாடுவது, எழுதுவது, கொடியில் காய்ந்த துணியை எடுத்து வருவது என்று ஒரு ஆள் ஒரு நாளில் செய்கிற எல்லாமே ஆக்குபேஷன்தான். உலக சுகாதார நிறுவனம் 2001-இல் வெளியிட்ட ஐ.சி.எஃப். என்ற, உடல்நலத்தையும் குறைபாட்டையும் விவரிக்கிற வகைப்பாட்டில், உடல் எப்படி இயங்குகிறது என்பதோடு, அந்த ஆள் தன் வாழ்க்கையில் எதிலெல்லாம் பங்கெடுக்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறார்கள். விரல் பிடி நன்றாகத் தேறிவிட்டது, ஆனால் வீட்டில் நடக்கிற எதிலும் பிள்ளை இல்லை என்றால் அந்தப் பங்கு காலியாகவே கிடக்கிறது.

லூயிஸ் டன் என்ற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், பிள்ளைகள் வீட்டு வேலையில் எவ்வளவு கலந்துகொள்கிறார்கள் என்று பெற்றோரிடம் கேட்பதற்காகவே ஒரு கேள்வித்தாள் உருவாக்கினார். அதில் வேலைகளை இரண்டாகப் பிரித்திருக்கிறார், பிள்ளை தனக்காகச் செய்துகொள்வது ஒன்று, குடும்பத்துக்காகச் செய்வது இன்னொன்று. எனக்கு இந்தப் பிரிவு ரொம்ப உதவியிருக்கிறது. "வீட்ல என்ன பண்ணுவான்?" என்று கேட்டால் வருகிற பதில் எல்லாம் முதல் வகைதான்: பல் தேய்ப்பான், சட்டை போட்டுக்கப் பழகுறான், தானா சாப்பிடுறான். இரண்டாவது வகையைக் கேட்டால் கொஞ்ச நேரம் அமைதி, அப்புறம் "அவனையா? அதெல்லாம் சொல்றதில்லைங்க" என்பார்கள். சட்டைப் பட்டனைப் போடாவிட்டால் அம்மா போட்டுவிடுவார், அதோடு முடிந்தது. ஆனால் இரவுச் சாப்பாட்டுக்கு எல்லார் தட்டுக்குப் பக்கத்திலும் டம்ளர் வைப்பது அவன் பொறுப்பு என்றால், அவன் வைக்காத அன்று அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே "தம்பி, தண்ணி?" என்று கேட்பார். அந்தக் கேள்வி தெரபி அறையில் என்னால் உண்டாக்க முடியாத ஒன்று.

ஒரே ஒரு வேலையில் ஆரம்பியுங்கள்

தொழிலுக்கு வந்த புதிதில் நான் ஒரு தவறு செய்தேன். ஒரு தாய்க்கு ஒரு முழுப் பக்கம் எழுதிக் கொடுத்தேன், மொத்தம் 12 வேலைகள், காலையில் இது, மாலையில் அது என்று. அடுத்த வாரம் அவர் வரவில்லை, அதற்கடுத்த வாரம் வந்தபோது என் முகத்தைப் பார்க்காமல் "ஒண்ணுமே பண்ண முடியல மேடம்" என்றார். வீட்டில் இன்னொரு கைக்குழந்தை, மாமியாருக்கு உடம்பு சரியில்லை, தண்ணீர் லாரி வருகிற நேரம் வேறு. அன்றிலிருந்து ஒரு வேலைக்கு மேல் நான் யாருக்கும் சொல்வதில்லை. நீங்களும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று நிலைத்த பிறகுதான் அடுத்தது.

எதை எடுப்பது? உங்கள் வீட்டில் ஏற்கெனவே தினமும் நடக்கிற வேலையாக இருக்கட்டும், பிள்ளைக்காகப் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்காதீர்கள், அது நான்கு நாளில் நின்றுவிடும். முடிந்தது என்று கண்ணால் பார்த்தால் தெரிய வேண்டும்: டப்பா நிறைந்தது, கூடை காலியானது, வரிசை முடிந்தது. "ரூமைச் சுத்தம் பண்ணு" என்றால் எங்கே ஆரம்பம், எங்கே முடிவு என்று பெரியவர்களுக்கே தெரியாது. முதலில் ஐந்து நிமிடத்துக்குள் முடிவதாகப் பாருங்கள். பிள்ளை எதன் பக்கம் தானாகப் போகிறது என்பதையும் இரண்டு நாள் கவனியுங்கள். தண்ணீர்க் குழாயை விட்டு நகராத பிள்ளைக்குக் கீரை அலசுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. பொருளை வரிசையாக அடுக்கிக்கொண்டே இருக்கிற பிள்ளைக்குக் கழுவிய ஸ்பூனையும் கரண்டியையும் பிரித்து வைப்பது, ஜோடி சாக்ஸ் சேர்ப்பது. எதையாவது தூக்கிக்கொண்டும் தள்ளிக்கொண்டும் திரிகிற பிள்ளைக்குக் கடையிலிருந்து வந்த 2 கிலோ அரிசிப் பையைச் சமையலறை வரை கொண்டுபோவது.

நேரமும் முக்கியம். காலை ஏழரை மணிக்குப் பள்ளி வேன் ஹாரன் அடிக்கப் போகிற நேரத்தில் எந்த வேலையையும் பழக்காதீர்கள், அந்த அவசரத்தில் யாராக இருந்தாலும் "குடு, நானே பண்றேன்" என்று பிடுங்கத்தான் செய்வோம். மாலை ஆறு மணி, அல்லது சனி, ஞாயிறு காலை.

சின்ன வெங்காயம் உரிப்பதை எடுத்துக்கொள்வோம்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு வேலையை எப்படிப் பிரிப்பது என்று பிடிபட்டால் மற்றவற்றை நீங்களே பிரித்துக்கொள்வீர்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளுகிற பிடி, ஒரு கை பிடிக்க இன்னொரு கை உரிப்பது, எவ்வளவு அழுத்த வேண்டும் என்ற கணக்கு, கண்ணும் கையும் ஒரே இடத்தில் நிற்பது, இவ்வளவும் ஒரு வெங்காயத்துக்குள் இருக்கிறது. நான் அறையில் தனித்தனியாகச் சொல்லிக்கொடுப்பவைதான் இவை.

முதலில் உட்காருவது. தரையில் என்றால் முதுகு சுவரில் சாய்ந்திருக்கட்டும், கால் இரண்டும் முன்னால். நாற்காலி என்றால் பாதம் அந்தரத்தில் தொங்கக் கூடாது, ஒரு பலகையோ கவிழ்த்த வாளியோ காலுக்கு அடியில் வையுங்கள். உடம்பை நிமிர்த்திப் பிடிப்பதற்கே பாதி பலம் போய்விட்டால் விரலுக்கு என்ன மிஞ்சும்? அடுத்து வெங்காயம். கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊற வைத்துவிட்டு, இரண்டு முனையையும் நீங்கள் வெட்டிவிடுங்கள். ஊறிய தோல் சட்டென்று வழுக்கி வரும், கண்ணும் அவ்வளவு எரியாது. சின்ன வெங்காயத்திலேயே பருமனானதாகப் பொறுக்கிக்கொள்ளுங்கள், நுணுக்கு வெங்காயம் எல்லாம் அப்புறம்.

இப்போது முதல் நாள். நீங்கள் தோலைக் கிட்டத்தட்ட முழுதாக உரித்து, கடைசித் துணுக்கு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும்போது பிள்ளையிடம் கொடுக்கிறீர்கள். அது அந்தத் துணுக்கை இழுத்துவிட்டு வெங்காயத்தைக் கிண்ணத்தில் போடும். டங் என்று சத்தம் வரும். அவ்வளவுதான் அன்றைய வேலை, 3 வெங்காயம் போதும். இரண்டு மூன்று நாள் கழித்துக் கால்வாசித் தோலோடு கொடுங்கள், அப்புறம் பாதி, அப்புறம் முழுசு. இப்படிக் கடைசிப் படியிலிருந்து ஆரம்பித்து முன்னால் வருவதைத் தெரபியில் பேக்வர்ட் செயினிங் என்பார்கள். முதல் படியிலிருந்து ஆரம்பித்தால் பிள்ளை கஷ்டமான இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும், முடித்து வைப்பது எப்போதும் நீங்களாக இருப்பீர்கள். கடைசியிலிருந்து வந்தால் முடிக்கிற கை எப்போதும் பிள்ளையுடையதாக இருக்கும். துண்டு மடிப்பதிலும் அதே மாதிரிதான், நீங்கள் மூன்று மடிப்பு மடித்துவிட்டு நாலாவது மடிப்பையும் பீரோவில் வைப்பதையும் பிள்ளைக்கு விடுங்கள். சப்பாத்திக்கு மாவு பிசைவது, உருட்டுவது எல்லாம் உங்களுடையது, தேய்த்த சப்பாத்தியைத் தட்டில் அடுக்குவது அதனுடையது.

பிறப்பிலிருந்தே ஒரு பக்கக் கை இறுக்கமாக இருக்கிற ஏழு வயதுப் பெண் ஒருத்தி. வலது கை எப்போதும் கட்டைவிரலை உள்ளே மடக்கி மூடியே இருக்கும். அவள் அம்மா அந்த விரல்களைப் பிரித்து வெங்காயத்தைத் திணிக்கப் பார்ப்பார், அவள் கையை இழுத்துக்கொள்வாள், இருவருக்கும் கண் கலங்கிவிடும். அந்தக் கைக்கு உரிக்கிற வேலை வேண்டாம், பிடித்துக்கொள்கிற வேலையைக் கொடுப்போம் என்றேன். ஈரத் துண்டை முறுக்கி வளையமாகச் சுற்றி, பானைக்குப் பிரிமணை வைப்போமே அந்த மாதிரி, அதன் மேல் எவர்சில்வர் கிண்ணத்தை வைத்தோம், நகராது. வலது மணிக்கட்டைக் கிண்ணத்தின் விளிம்பில் சும்மா சாய்த்து வைத்துக்கொண்டாள். உரித்த வெங்காயத்தை இடது கை உள்ளே போட்டது. சில வாரம் கழித்து ஒரு நாள் துண்டு வைக்க மறந்துவிட்டார்கள், கிண்ணம் தரையில் வழுக்கிக்கொண்டு போனது, அவளுடைய வலது கை தானாகப் போய் அதைத் தடுத்துப் பிடித்தது, விரல் பாதி விரிந்திருந்தது. யாரும் சொல்லவில்லை. அவள் அம்மா இதை எனக்குப் போனில் சொன்னபோது குரல் நடுங்கிற்று, எனக்கும்தான்.

வாயைக் குறையுங்கள், கையைப் பின்னால் வையுங்கள்

பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "எடு, இப்டி எடு, அங்க இல்ல, கீழ பாரு, சிந்துது பாரு" என்று நாம் பேசுகிற பேச்சில் பிள்ளை எதைக் கேட்கும்? பேச்சைப் புரிந்துகொள்ளவே சிரமப்படுகிற பிள்ளைக்கு இது இன்னும் பாரம். ஒரு தடவை செய்து காட்டுங்கள். அப்புறம் மனசுக்குள் பத்து வரை எண்ணிக்கொண்டு காத்திருங்கள், அந்தப் பத்து ரொம்ப நீளமாகத் தெரியும், பரவாயில்லை. நகரவில்லையா, விரலால் காட்டுங்கள். அதற்கும் நகரவில்லையா, ஒரே ஒரு சொல்: "இழு." அதற்கும் இல்லையென்றால் முழங்கைக்கு அடியில் லேசாகத் தாங்கி விடுங்கள். பிள்ளையின் கையை உங்கள் கைக்குள் பிடித்து நீங்களே செய்துவிடுவது கடைசி வழி, பிள்ளை கையை இழுத்துக்கொண்டால் உடனே விட்டுவிடுங்கள். கொடுத்த உதவியை நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வர வேண்டும், இல்லையென்றால் உங்கள் முழங்கைத் தாங்கல் இல்லாமல் வேலை நடக்காது என்று பிள்ளையின் உடம்பு பழகிவிடும்.

பேச்சு வராத பிள்ளைக்கும் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கும் படம் நன்றாக உதவுகிறது. இதற்கு அச்சடித்த அட்டை எதுவும் வாங்க வேண்டாம். உங்கள் வீட்டுக் கூடை, உங்கள் வீட்டுக் கிண்ணம், உங்கள் வீட்டு அலமாரியை போனில் படம் எடுத்து, மூன்று படத்தையும் வேலை நடக்கிற வரிசையில் பிரிண்ட் போட்டுச் சமையலறைச் சுவரில் பிள்ளையின் கண் உயரத்துக்கு ஒட்டுங்கள்.

பேசவும் யோசிக்கவும் முடிகிற, ஆனால் எதைத் தொட்டாலும் சிந்தி உடைக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். இதில் பலருக்கு டி.சி.டி. என்கிற, உடல் அசைவுகளை ஒருங்கிணைப்பதில் வருகிற குறைபாடு இருக்கலாம், பள்ளி வயதுப் பிள்ளைகளில் 100 பேருக்கு 5, 6 பேருக்கு இது இருக்கிறது என்பது கணக்கு. வீட்டில் இவர்களுக்குக் கிடைக்கிற பெயர் "கவனமே இல்லாதவன்", அது எவ்வளவு அநியாயம். இவர்களுக்குக் கனடாவில் ஹெலீன் பொலடைகோவும் ஏஞ்சலா மண்டிச்சும் உருவாக்கிய ஒரு முறை உண்டு: என்ன செய்யப் போகிறோம், எப்படிச் செய்யப் போகிறோம், செய்து பார், சரியாக வந்ததா பார். தீர்வைப் பெரியவர் சொல்லக் கூடாது, கேள்வி கேட்டுப் பிள்ளையே கண்டுபிடிக்க வைக்க வேண்டும். ஒன்பது வயதுப் பையன் ஒருவன் சொம்பிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றினால் பாதி தரையில். "எந்த இடத்துல சிந்துச்சு?" என்று அவன் அப்பா கேட்டார். கொஞ்சம் யோசித்து, "டம்ளர் ஆடுது" என்றான். "அப்ப என்ன பண்ணலாம்?" டம்ளரைக் கையில் பிடிக்காமல் தரையில் வைத்து ஊற்றினான், இன்னும் கொஞ்சம் சிந்தியது. மறுநாள் அவனாகவே சொம்பில் பாதித் தண்ணீர் மட்டும் எடுத்தான். முதல் நாளே "பாதி எடுடா" என்று அப்பா சொல்லியிருந்தால் அன்றைக்கு மட்டும் சரியாக ஊற்றியிருப்பான். சாம்பார் வாளியைத் தூக்கும்போதும் அதே யோசனை அவனுக்கு வந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

தொட மாட்டேன் என்கிற பிள்ளை

இட்லி மாவு கையில் பட்டால் அலறுகிற பிள்ளை, பாத்திரம் பாத்திரத்தோடு மோதினால் காதைப் பொத்துகிற பிள்ளை. இது அடமோ செல்லமோ கிடையாது, நமக்குச் சாதாரணமாகப் படுகிற தொடுதலும் சத்தமும் அந்த உடம்புக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது. பிடித்து மாவுக்குள் கையை அமுக்கிப் "பழகிடும்" என்று செய்யாதீர்கள், சமையலறைப் பக்கமே வராமல் போய்விடும். காய்ந்த பொருளிலிருந்து ஆரம்பியுங்கள். துவரம்பருப்பை டப்பாவில் கொட்டுவது, காய்ந்த துணியிலிருந்து கிளிப்பைக் கழற்றுவது. ஈரம் வேண்டுமென்றால் முதலில் நடுவில் ஒரு கரண்டி இருக்கட்டும். எவர்சில்வருக்குப் பதில் பிளாஸ்டிக் கிண்ணத்தில் போடச் சொல்லுங்கள், அல்லது பாத்திரத்துக்கு அடியில் துணி விரியுங்கள். துறுதுறுவென்று ஓடுகிற பிள்ளைகள் பலருக்கு, உட்கார்ந்து செய்கிற வேலைக்கு முன்னால் பலம் போடுகிற வேலை ஒன்று கொடுத்தால் உடம்பு கொஞ்சம் அடங்குகிறது. அரை வாளித் தண்ணீரைச் செடிவரை தூக்கிப்போவது, ஈரத் துணியைப் பிழிவது, சப்பாத்தி மாவைக் குத்திப் பிசைவது மாதிரி. எல்லாப் பிள்ளைக்கும் இது பொருந்தாது, செய்து பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆபத்து பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கும், கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் போடுகிற எந்த வயதுப் பிள்ளைக்கும் கடலை, பட்டாணி, புளியங்கொட்டை வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். வலிப்பு வருகிற பிள்ளையை அடுப்புப் பக்கமும், நிறைந்த தொட்டிப் பக்கமும் தனியாக விடாதீர்கள். மிளகாய் தொடுகிற வேலை, அரிவாள்மணை, எல்லாம் தள்ளியே இருக்கட்டும்.

வீட்டில் மற்றவர்கள்

இதுதான் நிஜமாகவே கஷ்டமான இடம். "பாவம், அதுக்கே முடியல, அதப் போயி வேலை வாங்குறியே" என்று பாட்டி சொல்வார், பாசத்தில் சொல்வதுதான். அவரோடு வாதாட வேண்டாம். பாட்டியையே குருவாக்கிவிடுங்கள். முருங்கைக்கீரை ஆய்வதும் அவரைக்காயில் நார் எடுப்பதும் அவரைவிட யாருக்குத் தெரியும்? ஆளுக்கொரு பிடி கீரையோடு இருவரும் உட்கார்ந்தால் அவசரமே இல்லாத ஒரு ஆசிரியர் பிள்ளைக்குக் கிடைத்துவிடுவார். "ஆம்பளப் புள்ளைக்கு எதுக்கு அடுப்படி" என்கிற பேச்சும் வரும். என்னிடம் வருகிற பையன்கள் பலருக்கு வீட்டில் ஒரு வேலையும் இல்லாததற்கு அவர்களுடைய குறைபாடு பாதிக் காரணம்தான், மீதி இந்தப் பேச்சு. இதில் அப்பா சொல்கிற சொல்லைவிட அப்பா தன் தட்டைத் தானே கழுவி வைப்பது வேகமாக வேலை செய்யும்.

பிள்ளை செய்ததை அதன் கண் முன்னால் திருத்தாதீர்கள். மடித்த துண்டு கோணலாகவே பீரோவில் இருக்கட்டும். வெங்காயத்தில் தோல் ஒட்டியிருந்தால் பிள்ளை எழுந்து போன பிறகு எடுத்துவிடுங்கள். ஒரு சின்னப் பெண் தான் வைத்த தட்டுகளை அத்தை நேராக்குவதைக் கதவோரம் நின்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு பத்து நாள் தட்டையே தொடவில்லை.

பாராட்டும்போது "குட், குட்" என்று பொதுவாகச் சொல்வதைவிட, சாப்பிடும்போது எல்லார் முன்னாலும் "இன்னைக்குச் சாம்பார்ல இருக்கிற வெங்காயம் நீ உரிச்சது" என்று சொல்லிப் பாருங்கள். சாக்லேட், காசு கொடுப்பதை நான் விரும்புவதில்லை, அது நின்ற நாளில் வேலையும் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு வாரம் செய்தும் ஒன்றும் நகரவில்லை என்றால் பிள்ளையைக் குறை சொல்வதற்கு முன்னால் வேலையைப் பாருங்கள். நீங்கள் கொடுத்த துண்டு பெரிதாக இருக்கலாம், அதை இன்னும் பாதியாக நறுக்குங்கள். நேரத்தை மாற்றிப் பாருங்கள், உட்காரும் இடத்தை மாற்றிப் பாருங்கள். அதற்கும் வரவில்லை என்றால் தெரபிஸ்ட்டிடம் கேளுங்கள். இதுவரை தெரபிஸ்ட்டையே பார்த்ததில்லை என்றால், ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய கார்யக்ரம் என்ற ஒன்றிய அரசுத் திட்டத்தின் கீழ் வளர்ச்சியில் தாமதமோ குறைபாடோ உள்ள பிள்ளைகளுக்காக மாவட்ட அளவில் ஆரம்ப நிலை இடையீட்டு மையங்கள் இயங்குகின்றன, உங்கள் மாவட்டத்தில் எந்த அரசு மருத்துவமனையில் இருக்கிறது என்று விசாரியுங்கள். சென்னைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில், பல குறைபாடுகள் சேர்ந்து உள்ளவர்களுக்கான ஒன்றிய அரசின் நிப்மெட் நிறுவனம் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையிலும் ஆக்குபேஷனல் தெரபித் துறை உண்டு.

எங்கே போனாலும், போவதற்கு முன் பிள்ளை வீட்டில் அந்த வேலையைச் செய்கிறபோது ஒரு நிமிடம் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். முகம் மட்டும் தெரிந்தால் போதாது. கையும், பாதம் எங்கே ஊன்றியிருக்கிறது என்பதும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற உங்கள் கை என்ன செய்கிறது என்பதும் அதில் தெரிய வேண்டும்.